வீணாபாணி சாவ்லா அப்படி என்ன செய்தார்?

கேள்வி இது: "கடலூரில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். ஆரோவில் பக்கம் ஆதிசக்தி என்று ஒரு நாடக நிறுவனம் இருக்கிறதாம், அதைத் தொடங்கி நடத்தியவர் வீணாபாணி சாவ்லா என்ற பெண்மணியாம். அவரை முன்னோடி என்று ஏன் சொல்கிறார்கள்? அவர் மறைந்த பிறகும் அது நடக்கிறதா? என்னைப் போன்ற தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா, இல்லை அது வெளிநாட்டுக்காரர்களுக்கும் மும்பை ஆட்களுக்குமான இடமா?"

கடைசிக் கேள்விக்குத்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். அதைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

முதலில் இடம். புதுச்சேரிக்காரர்களான நாங்கள் ஆதிசக்தியை எங்கள் ஊர்க் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். உண்மையில் அது தமிழ்நாட்டு மண்: விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், இடையன்சாவடி போகும் சாலை. முகவரியில் ஆரோவில் என்று வரும், ஆனால் ஆரோவில்லின் கிளை அன்று. தனி அறக்கட்டளை. இதைச் சொல்லக் காரணம், ஆரோவில்லுக்கு உள்ள பணமும் பேரும் ஆதிசக்திக்கும் தானாக வந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி வரவில்லை.

வீணாபாணி 1947-இல் பிறந்தவர். தில்லியில் வரலாறு படித்தவர், மும்பையில் ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1981-இல் அங்கேதான் ஆதிசக்தியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நசீருதீன் ஷாவை வைத்து 'ஈடிபஸ்' இயக்கினார், பிறகு 'டிரோஜன் பெண்கள்' செய்தார். இரண்டும் கிரேக்கப் பழம் நாடகங்கள். மும்பை ஆங்கில நாடக உலகில் பேர் வாங்கிவிட்டார், அங்கேயே இருந்திருந்தால் வருடத்துக்கு ஒரு நாடகம் போட்டு, விமர்சனம் வாங்கி, வசதியாக ஓட்டியிருக்கலாம். 1993-இல் அதை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு வந்துவிட்டார்.

ஏன் புதுச்சேரி? ஸ்ரீ அரவிந்தர். அவருடைய 'சாவித்திரி' காவியத்தை எடுத்து 1992-இல் ஒரு நாடகம் செய்தார் வீணாபாணி. அதன் பிறகு அந்தச் சிந்தனைக்குப் பக்கத்திலேயே வந்து குடியேறிவிட்டார். 1910-இல் கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் ஒதுங்க இடம் தேடி இங்கே வந்தார். அவரை வைத்து இன்னும் எத்தனையோ பேர் வந்தார்கள். இந்த ஊரின் வரலாற்றில் பாதி இப்படி வெளியூரிலிருந்து வந்தவர்களுடையது. பாரதியே பத்து வருஷம் இங்கே ஒதுங்கி இருந்தவர்தானே.

சரி, முன்னோடி என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு பெண் நாடக நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார் என்பது மட்டும் காரணம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்க முழுக்கப் பெண்களை வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்க வெளியூர் ஜனம் ரயிலேறி வந்தது என்று இன்றும் சொல்வார்கள். சென்னையில் ருக்மிணி தேவி 1936-இல் கலாக்ஷேத்ராவை எழுப்பினார். எங்கள் ஊரிலேயே அரவிந்தர் ஆசிரமத்தை ஸ்ரீ அன்னைதான் கட்டி நடத்தினார். நம் காலத்தில் அ. மங்கை இருக்கிறார், இன்குலாபின் 'ஔவை'யை மேடையேற்றியவர், தமிழில் பெண்ணிய நாடகம் என்று பேசத் தொடங்கினால் முதலில் வரும் பெயர். ஆக, பெண் தலைமை நமக்குப் புதிதில்லை.

புதிது வேறொன்று. நாடகக்காரர் ஒருவர் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை நாடகக்காரராகவே இருப்பதற்கு ஒரு இடத்தை, வருஷக் கணக்கில் நிற்கும்படி, கடன்பட்டோ கையேந்தியோ, அவர் உண்டாக்கிவிட்டார். தமிழ் நாட்டில் நவீன நாடகம் செய்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். பகலில் வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை, இரண்டு மேடையேற்றம், அப்புறம் குழு கலைந்துவிடும். கூத்துப்பட்டறை போல விதிவிலக்குகள் உண்டு, ந. முத்துசாமி 1977-இல் அதைத் தொடங்கி நடிகர்களுக்கு முழுநேரப் பயிற்சி தர எவ்வளவு பாடுபட்டார் என்பது தெரிந்த கதை. மற்றபடி திறமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இடமும் நேரமும்தான் இல்லை.

கொஞ்சம் யோசித்தால், இது நம் பழைய வழக்கத்தைத் திரும்பப் பிடித்த மாதிரியும் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பாட்டும் வசனமும் அடவும் கற்றார்கள். சுவாமிகள் 1922-இல் காலமானது புதுச்சேரியில்தான், கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அந்தக் கம்பெனிகளில் வாத்தியார் சொன்னதுதான் சட்டம், பிரம்படியும் உண்டு. வீணாபாணி தன்னிடம் வந்த நடிகர்களைப் பாதியிலேயே எழுத்தாளர்களாகவும் இயக்குநர்களாகவும் திருப்பிவிட்டார். இந்தப் பதிலில் நான் சொல்ல வருவதே அதுதான்: அவர் போட்ட நாடகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் உண்டாக்கிய ஆட்கள்தான் அவருடைய பெரிய வேலை.

எப்படி உண்டாக்கினார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் புரியும்.

1980-களில் இந்திய நாடகத்தில் 'வேர்களைத் தேடுவது' பெரிய பேச்சாக இருந்தது. அரசு உதவித்தொகையும் கிடைத்தது. விளைவு? நாடகத்தின் நடுவே நாலு பேர் தப்பட்டையோடு வந்து ஆடிவிட்டுப் போவார்கள், ஒருவர் தெருக்கூத்துக் கிரீடம் வைத்துக்கொண்டு வருவார். அதுவே வேர் என்று ஆனது. வீணாபாணியும் மரபுக் கலைகளைத் தேடிப் போனவர்தான். கேரளப் போர்க்கலையான களரிப்பயிற்று கற்றார், ஒடிசாவின் மயூர்பஞ்ச் சௌ ஆட்டம் கற்றார், த்ருபத் என்ற இந்துஸ்தானி இசை வகையைப் பாடக் கற்றார், கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தைக் கூர்ந்து படித்தார். இங்கிலாந்துக்குப் போய்க் குரல் பயிற்சி எடுத்தார், டென்மார்க்கில் நாடக இயக்குநர் யூஜினியோ பார்பாவின் ஓடின் தியேட்டரில் போய்ப் பார்த்தார். ஆனால் இவற்றில் எதையும் அப்படியே தூக்கி மேடையில் வைக்கவில்லை. இந்தக் கலைகளெல்லாம் உள்ளுக்குள் எதை வைத்து இயங்குகின்றன என்று கேட்டார். அவருக்குக் கிடைத்த விடை, மூச்சு.

கூடியாட்டத்தில் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு மூச்சு உண்டு. நடிகர் முதலில் முகத்தை மாற்றுவதில்லை; மூச்சை மாற்றுகிறார், முகம் பின்னால் வருகிறது. ஆதிசக்தியில் இதைச் செய்து காட்டும்போது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நடிகர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கை இரண்டும் முழங்காலில், முகத்தில் ஒன்றுமே இல்லை. மூச்சைச் சின்னச் சின்னத் துண்டாக உள்ளே இழுத்து, வெளியே விடாமல் மார்பின் மேல்பக்கம் நிறுத்துகிறார். தோள்பட்டை ஒரு விரற்கடை ஏறுகிறது. தொண்டையில் ஒரு நரம்பு தெரிகிறது. கண்ணை அவர் விரிக்கவில்லை, அது தானாக விரிந்துகொள்கிறது. பயம். அப்படியே அந்த மூச்சை மெதுவாக, நீளமாக, முடிவே இல்லாதது போல் வெளியே விடுகிறார். தோள் இறங்குகிறது, உதடு லேசாகத் தொங்குகிறது, எதிரே உட்கார்ந்திருக்கிற நமக்கு நெஞ்சு கனக்கிறது. அவர் யாரையும் நினைத்து அழவில்லை, கதை எதுவும் சொல்லவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் "சோகமாக நில்லு, அம்மா செத்துப்போனதாக நினைச்சுக்கோ" என்று சொல்லிக்கொடுத்து வளர்ந்த நமக்கு இது வேறு உலகம்.

இந்த அடிப்படையில் நாள்தோறும் உடல், குரல், தாளம் என்று பயிற்சி. ஒரு நாடகத்துக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம், சில சமயம் அதற்கு மேலும். 1990-களின் நடுவில் பீமனைப் பற்றிய நாடகம், 1998-இல் 'பிருகன்னளை', 2000-இல் 'கணபதி', 2007-இல் 'முயலும் ஆமையும்'. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முக்கியமானவை இவ்வளவுதான். (பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், மேடையில் ஆங்கிலத் தலைப்புகள்தான்.)

இதில் 'பிருகன்னளை'தான் என்னைப் போன்ற ஆட்களுக்கு மனத்துக்கு நெருக்கம். ஆதிசக்தி நடிகர் வினய் குமார் தனியாளாக நடித்தது. ஒரு வருஷ அஞ்ஞாதவாசத்தில் அர்ச்சுனன் பேடியாக விராடன் அரண்மனையில் பெண்ணுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறான், இது நமக்குத் தெரிந்த கதை. உங்கள் கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து நடத்துகிறார்களே, அங்கே விராட பருவம் வரும்போது பிருகன்னளை வந்தாலே கூட்டம் சிரிக்கத் தயாராகிவிடும். கூத்தில் கேலி பேச வருகிற கட்டியங்காரன் விட மாட்டான். இங்கிருந்து கூவாகம் ஒன்றும் தொலைவில்லை. அங்கே அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிற திருநங்கைகளின் துயரம் ஒரு பக்கம், கேலி ஒரு பக்கம். இன்னும் பின்னால் போனால் மாதவி ஆடிய பதினொரு ஆடலில் 'பேடு' ஒன்று, காமன் ஆடியது. ஆக இந்த உருவம் நம் மண்ணில் ரெண்டாயிரம் வருஷமாக நடமாடிக்கொண்டிருப்பது.

வீணாபாணி அதைக் கேலியாகவும் எடுக்கவில்லை, துயரமாகவும் எடுக்கவில்லை. வில்லாளியான அர்ச்சுனனுக்கு அந்த ஒரு வருஷம் தண்டனையா, பாடமா என்று கேட்டார். குறி பார்த்து அடிக்கிற அறிவு ஒன்று, சுற்றியிருப்பது முழுவதையும் ஒரே சமயத்தில் வாங்கிக்கொள்கிற அறிவு இன்னொன்று. இரண்டும் ஒரே உடலில் சேர முடியுமா? அர்த்தநாரீசுவரர் அங்கே வருகிறார், மூளையின் இடப்பக்கம் வலப்பக்கம் என்ற அறிவியல் பேச்சும் வருகிறது. மூளை பற்றிய அந்தப் பகுதி எனக்குக் கொஞ்சம் பாடப்புத்தகமாகவே பட்டது, இன்றைக்கு அந்த இடது வலது பிரிவினையை விஞ்ஞானிகள் அவ்வளவு நேராகச் சொல்வதும் இல்லை. ஆனால் நடிகரின் உடல் ஆணாகவும் பெண்ணாகவும் மாறுகிற இடங்களில் ஒப்பனை மாற்றம் எதுவும் இல்லை. இடுப்பும் மூச்சும்தான் மாறின. அதைப் பார்த்த பிறகு பெண் வேடம் என்றால் குரலைக் கீச்சென்று ஆக்குவது என்ற பழக்கத்தை ரசிக்க முடிவதில்லை.

'கணபதி' வேறு மாதிரி. அதற்கு வசனம் பிறகு வந்தது, தாளம் முதலில் வந்தது. கேரளக் கோயில்களில் கூடியாட்டத்துக்கு வாசிக்கிற மிழாவுதான் அதன் நடுநாயகம். பெரிய செம்புக் குடம். சின்ன வாய், அதில் தோல் கட்டியிருக்கும். மரச் சட்டத்துக்குள் உட்கார வைத்து இரண்டு கையாலும் அடிப்பார்கள். பிள்ளையார் தொந்தியைத் தூக்கி வைத்த மாதிரியே இருக்கும், அதனால் அந்தக் கதைக்கு அந்த வாத்தியம் அகப்பட்டதில் ஆச்சரியமில்லை. கோயிலில் மிழாவு ஆண்களின் வாத்தியம், நம்பியார்கள் வாசிப்பது. பெண்கள் தாளம் போடுவார்கள், நடிப்பார்கள். இங்கே அதைக் கோயிலிலிருந்து எடுத்து நடிகர்களின் கையில் கொடுத்தார்கள். பிள்ளையார் பிறந்த கதைக்குத்தான் எத்தனை பாடம்! அம்மாவின் மஞ்சளில் பிறந்தது, அப்பனே தலையை வெட்டியது, வெளியே நிறுத்தப்பட்டவன் உள்ளே வந்து முதல் தெய்வமானது. எதிர்த்து நின்றவனை அரவணைத்து அமைப்பு தனக்குள் இழுத்துக்கொள்வது எப்படி என்று யோசிக்க மணக்குள விநாயகர் கோயில் இருக்கிற ஊரைவிட நல்ல இடம் ஏது.

'முயலும் ஆமையும்' நாடகத்தில் ஞானப்பழக் கதையும் உண்டு. மயிலேறி உலகைச் சுற்றியவன் ஒருவன், அப்பா அம்மாவைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டவன் ஒருவன். அதோடு ஏகலைவன், அர்ச்சுனன், ஹேம்லெட் என்று வேகத்துக்கும் தாமதத்துக்குமான பல கதைகள் பின்னிக்கொண்டு வரும். புத்திசாலித்தனம் கொஞ்சம் அதிகமான நாடகம் என்பது என் அபிப்பிராயம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி நிறுவனம் என்ற பக்கம். இங்கேதான் அவர் தலைமையின் சாமர்த்தியம் தெரியும். இப்படி இரண்டு வருஷத்துக்கு ஒரு நாடகம் போட்டால் டிக்கெட் காசில் மளிகைக்கடை பாக்கியைக்கூட அடைக்க முடியாது. அறக்கட்டளைகளின் நிதியுதவி வாங்கினார். நாடக அரங்கின் பெயரே 'சர் ரத்தன் டாட்டா கூத்துக் கோவில்'. கேரளக் கோயில்களில் கூடியாட்டம் நடக்கும் கூத்தம்பலங்களை நினைவுபடுத்தும் அரங்கு. நிதி வாங்குவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் நிதி என்பது ஒரு திட்டத்துக்கு வரும், திட்டம் முடிந்ததும் நின்றுபோகும். வீணாபாணி வந்த பணத்தைக் கட்டடத்தில் போட்டார். நடிகர்கள் தங்கும் இடம், வெளியிலிருந்து வருகிற கலைஞர்களுக்கு விருந்தினர் இல்லங்கள், ஒத்திகைக் கூடம். பிறகு அந்த இல்லங்களும், பயிற்சிப் பட்டறைகளும், மற்ற குழுக்கள் வந்து தங்கி வேலை செய்வதும் நிறுவனத்துக்கு வருமானம் ஆயின. அங்கேயுள்ள நடிகர் காலையில் களரி செய்வார், மத்தியானம் விருந்தினர் கணக்குப் பார்ப்பார், சாயங்காலம் ஒத்திகைக்கு நிற்பார். "கலைஞனுக்கு எதுக்குக் கணக்கு வழக்கு" என்கிற வழக்கமான பெருமை அங்கே செல்லாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. விருந்தினர் இல்லம் நடத்துகிற நிறுவனம் விருந்தினருக்குத் தகுந்த மாதிரி மாறத் தொடங்கும். பயிற்சிப் பட்டறைக் கட்டணம் நம் ஊர் மாணவர்களுக்குப் பெரிய தொகை. சினிமா நடிகர்களும், பெங்களூர் மும்பைக் கலைஞர்களும் வருகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் குறைவு. இதை வீணாபாணியின் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். அரசும் பல்கலைக்கழகங்களும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். ஆனாலும் குறை குறைதான்.

2011-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது நாடக இயக்கத்துக்காக அவருக்குக் கிடைத்தது. 2014 நவம்பர் 30 அன்று, 67 வயதில், திடீரென்று காலமானார்.

பெரிய ஆளுமை ஒருவர் கட்டிய கலை நிறுவனம் அவர் போனதும் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் உதாரணங்கள் ஏராளம். பாலாமணி அம்மாளின் கம்பெனி அவரோடு போனது, கடைசிக் காலத்தில் அவரே வறுமையில் கிடந்தார் என்கிறார்கள். சில இடங்களில் வாரிசுச் சண்டை வரும், சில இடங்களில் நிறுவனரின் படத்துக்கு மாலை போட்டுப் பழைய நாடகத்தையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஆதிசக்தியில் இரண்டும் நடக்கவில்லை. அவரிடம் பல வருஷம் நடிகர்களாக இருந்தவர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். வினய் குமார் கலை இயக்குநர். நிம்மி ரஃபேல் எழுதுகிறார், இயக்குகிறார், நடிக்கிறார், நிர்வாகத்தையும் தாங்குகிறார்.

நீங்கள் பெண் தலைமை பற்றிக் கேட்டதால் நிம்மியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேரள கலாமண்டலத்தில் நடனம் படித்துவிட்டு வந்தவர். அங்கே கற்பது அச்சுப் பிசகாமல் செய்வது. இங்கே வந்ததும் "நீ என்ன சொல்ல வருகிறாய்" என்று கேட்டிருப்பார்கள். அந்த மாற்றம் சுலபமாக நடந்திருக்காது. ஆதிசக்தி சில ஆண்டுகள் ராமாயணத்தை மையமாக வைத்து விழா நடத்தியது. அந்தச் சூழலில் அவர் எழுதித் தனியாக நடித்ததுதான் 'நித்ராவத்வம்'. பதினான்கு வருஷம் தூங்காத இலக்குவன், தூங்கியே வாழ்ந்த கும்பகர்ணன், இருவரையும் ஒரே உடலில் நிறுத்தினார். பிறகு வாலி வதையை எடுத்து 'பாலி' இயக்கினார். புதுச்சேரியில் கம்பன் விழாவுக்குப் போகிறவர்களுக்கு இந்த வழக்கு அத்துப்படி: மறைந்து நின்று அடித்தது சரியா? கம்பன் கலையரங்கத்தில் வருஷக் கணக்காக வாதாடியும் தீர்ப்பு எழுத முடியாத வழக்கு. நிம்மி தீர்ப்புக்கே போகவில்லை. வாலி, சுக்ரீவன், தாரை, ராமன் என்று ஆளாளுக்கு அவரவர் நியாயத்தை வைக்கவிட்டு, பார்க்கிற நமக்கு ஒவ்வொருவரும் பேசும்போது அவர் பக்கமே நியாயம் என்று தோன்றவைத்தார். பட்டிமன்றத்தில் கைதட்டல் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாயும், இங்கே சாய்ந்துகொள்ள இடமே இல்லை.

அடுத்து ஊர்மிளை. கணவன் காட்டுக்குப் போகும்போது அவனுடைய தூக்கத்தையும் சேர்த்து இவள் தூங்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட பெண். பதினான்கு வருஷம் தூங்கு என்று ஒருவன் சொல்ல, தூங்கிக் கழித்த வாழ்க்கைக்கு யார் கணக்குச் சொல்வது? வீணாபாணி காப்பியங்களுக்குள் போய்த் தத்துவம் தேடினார். நிம்மி அதே காப்பியங்களுக்குள் போய் யாரும் பேர்கூடச் சொல்லாத பெண்ணைத் தட்டி எழுப்புகிறார். குருவைவிட்டு விலகும் இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விலகிப்போக இடம் கொடுத்தே வளர்த்திருக்கிறார் என்று தெரிகிறது. வினய் குமாரும் சாரா ஜோசப்பின் மலையாள நாடகம் ஒன்றைத் தழுவி 'பூமி' என்று செய்தார். வீணாபாணி எடுத்திருக்கக்கூடிய வகை நாடகமே அன்று அது.

ஆண்டுதோறும் வீணாபாணி நினைவு விழா நடக்கிறது. அவருடைய நாடகங்களுக்கு நினைவஞ்சலி மாதிரி இல்லாமல், வெவ்வேறு ஊர்க் குழுக்களின் நாடகம், நடனம், இசை என்று வரும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே என்ன இருக்கிறது?

நேராகச் சொன்னால், நாடகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நடுநடுவே மற்ற மொழிகளும் சொற்கட்டும் வரும். அரங்கின் பெயரில் கூத்தும் கோவிலும் இருக்கின்றன, ஆனால் சுற்றியுள்ள கிராமத்து மனிதர் ஒருவர் வந்து உட்கார்ந்து முழுசாகப் பின்தொடரும் நாடகம் அங்கே அதிகம் நடக்கவில்லை. இத்தனைக்கும் அந்த இடத்தைச் சுற்றி இருப்பது தெருக்கூத்து நாடு. பிருகன்னளையையும் பீமனையும் விடிய விடிய ஆடுகிற வாத்தியார்கள் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள். கேரளத்துக் கூடியாட்டத்தோடு இருந்த உறவு இந்தப் பக்கத்துக் கூத்தோடு அந்த அளவுக்கு ஏற்படவில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். அண்ணன் கையை எரிக்கக் கிளம்பும் வீமனை 'பாஞ்சாலி சபத'த்தில் பாரதி எழுதியது இதே ஊரில். அந்தத் தமிழ் அந்தப் பயிற்சி பெற்ற உடல்களில் ஏறினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஆனால் மொழிக்காக அந்த இடத்தை ஒதுக்கிவிட வேண்டாம். மூச்சுக்கும் தாளத்துக்கும் ஆங்கிலம் தேவையில்லை. அங்கே கற்கிறதை எடுத்துவந்து தமிழ் வசனத்தில் போட்டுப் பார்ப்பது நம் வேலை, அவர்கள் செய்துதர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எம்.ஏ. தமிழ் படிக்கிறீர்கள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தேர்வுக்காக மட்டும் படித்திருப்பீர்கள். ஒரு பட்டறையில் இருந்துவிட்டு வந்து திரும்பப் படியுங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன் என்று இளங்கோ ஒவ்வொருவராக நிறுத்தி இலக்கணம் சொல்வதெல்லாம் கையேடு மாதிரி விளங்கும்.

என்ன வரிசையில் போகலாம் என்றால்: முதலில் உங்கள் பக்கத்தில் எங்காவது பாரதக் கூத்து நடக்கும்போது ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாருங்கள். அடுத்து நினைவு விழா சமயத்தில் ஆதிசக்திக்கு வந்து இரண்டு மூன்று நிகழ்ச்சி பாருங்கள். பிடித்திருந்தால் அப்புறம் பட்டறையைப் பற்றி யோசிக்கலாம். நடிப்புக்கு அடித்தளமாக அவர்கள் நடத்தும் பட்டறை பத்து நாள் அளவில் இருக்கும், தங்கிக் கற்பது. சலுகை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள், மாணவர் என்றும் சொல்லுங்கள். முழுநேரமாக நாடகமே படிக்க விரும்பினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி வளர்த்த துறை, அரசுக் கட்டணம், அங்கே தமிழில் நாடகம் செய்யலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை.

விழா நாட்களில் வருவதாக இருந்தால் திரும்பிப் போகிற வழியை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து கடலூருக்கு அடிக்கடி வண்டி உண்டு, ஆனால் நாடகம் முடிந்து இடையன்சாவடிச் சாலையில் இருட்டில் ஆட்டோ கிடைப்பது சிரமம். வரும்போதே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி, திரும்ப அழைத்துப்போக வரச் சொல்லிவிடுங்கள்.